வருணனையும் கரந்த உள்ளமும்

கதை நூல்களைப் படிப்போருள் பெரும்பாலார் வருணனை வருமிடத்தில் கண்ணை விரைந்து ஓட்டுவது வழக்கம். மழை பெய்தது, மாலை வந்தது, அறையில் இன்ன இன்ன பொருள் கிடந்தன, இன்னார் இவ்வாறு உடுத்திருந்தார் என்று ஆசிரியர் சொல்லத் தொடங்கியதும், 'இஃது அலங்காரம். கதை இனிமேல்தான் வரும்' என்று எண்ணி இரண்டு பத்திகளைத் தாண்டி, உரையாடல் தொடங்கும் இடத்தில் வந்து நிற்பர். நம் கல்லூரி மாணவரிடத்தும் இப்பழக்கம் நன்கு வேரூன்றியிருக்கிறது. துணைப்பாடமாக வைக்கப்பெறும் நாவலை முழுதும் படியாமல், கடையில் விற்கும் நோட்ஸில் உள்ள கதைச் சுருக்கத்தை நெட்டுருச் செய்கின்றனர்; அதுவும் பெரிதென்று தோன்றினால் கைப்பேசியில் கிடைக்கும் பத்து வரியோடு மனம் அமைகின்றனர். எந்தச் சுருக்கத்திலும் முதலில் வெட்டுண்பது வருணனையே. யார் யாரை மணந்தார், யார் எப்பொழுது இறந்தார் என்னும் செய்திகள் மிஞ்சும். மழையும் மாலையும் அறையும் மறைந்துபோம்.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பார் உளர். தேர்வில் வினவப்படுவது கதைப்போக்கும் பாத்திரங்களின் குணமுமேயாதலின், அவற்றைச் சுருக்கத்திலிருந்தே எழுதிவிடலாம் என்பது அவர் கொள்கை. நம் கருத்து அதற்கு நேர்மாறானது. வாய்விட்டுச் சொல்லமாட்டாத உள்ளங்களுக்கு நல்ல கதாசிரியர் அளிக்கும் வாய் வருணனையே. அதனைத் தாண்டிச் செல்வோர், அழகை மாத்திரம் இழந்தோம் என்று எண்ணுகின்றனர். உண்மையில் அவர் இழப்பது கதையினுள் வாழும் மனிதரை. இதனை ஒரு சிறுகதை கொண்டு விளக்குவாம்.

ருஷிய நாட்டுச் சிறுகதை ஆசிரியர் ஆன்டன் செக்காவ் 1886-ஆம் ஆண்டில் 'துயரம்' என்னும் பொருள்பட ஒரு கதை எழுதினார். அதன் நாயகன் அயோனா பொட்டாபோவ் என்னும் கிழவன். பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவன். கதை தொடங்கும்பொழுது அந்தி நேரம். தெருவிளக்குகள் அப்பொழுதுதான் ஏற்றப்பட்டுள்ளன. ஈரப்பனி மெல்ல விழுந்துகொண்டிருக்கிறது. அயோனா வண்டியின் முன்புறத்தில் உடல் எவ்வளவு வளையக்கூடுமோ அவ்வளவு வளைந்து, உடல் முழுதும் வெண்பனி மூடி, அசையாது உட்கார்ந்திருக்கிறான். பனிக்குவியல் ஒன்று அப்படியே மேலே விழுந்தாலும் அதனை உதறவேண்டும் என்று அவனுக்குத் தோன்றாது போலும் என்கிறார் ஆசிரியர். அவனுடைய குதிரையும் அவ்வாறே வெண்ணிறமாய், அசைவற்று, குழந்தைகள் தின்னும் மாவுப் பண்டத்தில் செய்த குதிரையைப் போல் நிற்கிறது.

இவ்வளவில் ஆசிரியர் அவனுக்கு நேர்ந்தது யாது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் மகன் அந்த வாரத்தில்தான் மருத்துவமனையில் மூன்று நாள் காய்ச்சலாய்க் கிடந்து இறந்துபோனான் என்பதை நாம் அடுத்த பக்கத்தில்தான் அறிகிறோம். ஆயினும், நின்று படித்தவர்க்கு அச்செய்தி முற்றும் புதிதாக வாராது. குளிர் நாட்டில் வாழும் ஒருவன் தன்மேல் விழும் பனியை உதறாமல் இருக்கிறான் என்றால், அவன் தன் உடலை மறந்திருக்கிறான் என்பது பொருள். பசியும் குளிரும் தெரியாத அளவிற்கு ஏதோ ஒன்று அவனை உள்ளே பற்றியிருக்கிறது. துயரம் என்னும் சொல்லைக் கேளாமலே துயரத்தின் எடையை நாம் முன்னரே சுமந்துவிட்டோம்.

இனி அக்கதையில் நடப்பதைக் காண்க. ஒரு படைவீரர் வண்டியில் ஏறுகிறார். அயோனா திரும்பித் தன் மகன் இறந்ததைச் சொல்லத் தொடங்குகிறான். அவர் எதனால் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, விரைந்து ஓட்டு என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்கிறார். அவர் இறங்கியபின் பனி மீண்டும் கிழவனையும் குதிரையையும் வெண்மையாக்கிவிடுகிறது. பிறகு மூன்று இளைஞர் ஏறுகின்றனர், ஏசுகின்றனர், பிடரியில் அடிக்கின்றனர். மகன் இறந்தான் என்றால், எல்லாரும் ஒருநாள் இறக்கத்தானே வேண்டும் என்கிறான் அவருள் ஒருவன். வாயிற்காவலன் ஒருவனும், தங்குமிடத்தில் உடன் தங்கும் இளைய வண்டிக்காரன் ஒருவனும் அவ்வாறே கேளாது போகின்றனர். இறுதியில் கிழவன் கொட்டிலுக்குச் சென்று, வைக்கோல் தின்னும் தன் குதிரையிடம் யாவற்றையும் சொல்லி ஆறுகிறான்.

இங்கே ஒன்று நோக்கத்தக்கது. வண்டியில் ஏறியவர் அனைவரும் அந்தப் பனியைக் கண்டனர். வளைந்த முதுகையும் கண்டனர். கண்டும், அவர்களுக்குப் போகவேண்டிய இடம் ஒன்று இருந்தது. ஆதலின் கண்ணை மூடிக்கொண்டனர். அந்தப் பத்தியைத் தாண்டிக் 'கதை' தொடங்கும் இடத்திற்கு விரைந்த வாசகரும் அதே வண்டியில் ஏறிய மற்றொரு பயணியே அல்லரோ? அப்படைவீரரைக் கல்நெஞ்சர் என்று தேர்வுத்தாளில் எழுதும் மாணவர், அவர் செய்ததையே தாமும் செய்தார் என்பதை உணர்வதில்லை. வருணனையைத் தாண்டுவது கதைச்சுவையில் குறைவது மாத்திரம் அன்று, ஒருவரைக் கண்டும் காணாது போகும் பழக்கத்திற்கு ஒரு பயிற்சியுமாகும் என்று நாம் அஞ்சுவதற்கு இதுவே காரணம்.

நிற்க. இவ்வாறு படிப்பது மேனாட்டார் கற்பித்த புதுமை என்று எவரும் கருதவேண்டா. தமிழிலக்கணம் இதற்கென்றே ஓர் இயல் வகுத்திருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியல், உள்ளத்து நிகழ்வது புறத்தார்க்குப் புலப்படுமாறு மெய்யின்கண் தோன்றும் குறிகளை எட்டாக வகுத்து ஆராய்கிறது. அவற்றுள் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களை ஆசிரியர் கூறுகிறார்: பிறரால் இகழப்படுதல், இழத்தல், பண்டை நிலைமையிற் குன்றுதல், வறுமை என்பன அவை. அயோனாவை மீண்டும் நினைந்து பார்க்க. மகனை இழந்தான், இளைஞரால் இகழப்பட்டான், குதிரைக்கு ஓட்ஸ் வாங்கவும் அன்றைய கூலி போதவில்லை. நான்கனுள் மூன்று ஒருங்கே அவன்பால் வந்து கூடியிருக்கின்றன. காலத்தாலும் தேயத்தாலும் எத்துணையோ சேய்மைக்கண் இருந்த இலக்கணம் ஒன்று ருஷிய வண்டிக்காரன் முகத்தைப் படிக்க நமக்குத் துணைசெய்கிறது.

உடம்பின் குறியோடு தமிழ் நின்றுவிடவில்லை. நிலத்தின் விலங்கையும் புள்ளையும் மரத்தையும் சொல்லி, அவற்றின் வாயிலாகச் சொல்லாத ஒன்றை உணர்த்துவதை உள்ளுறை என்றும், அவ்வருணனைக்கும் அப்பால் குறிப்பிற் பிறக்கும் பொருளை இறைச்சி என்றும் நம் முன்னோர் பெயரிட்டனர். குறுந்தொகை 25-ஆம் செய்யுளில் கபிலர் இதனைச் செய்துகாட்டுகிறார். தலைவன் தன்னைக் களவில் மணந்த நாளில் சான்று யாரும் இல்லை என்கிறாள் தலைவி. ஓடையில் மீனுக்காகக் காத்து நின்ற பறவை ஒன்றே உடனிருந்தது என்கிறாள். பேச்சளவில் இஃது ஒரு செய்தி. ஆனால் அச்சான்று எத்தகையது? பேசமாட்டாதது, பேசமாட்டாமையோடு, தன் இரையிலேயே கண்ணாயிருப்பது, பிறர் வாழ்வு தாழ்வு அதற்குப் பொருளன்று. 'அவர் என்னைக் கைவிடுவரோ' என்னும் நடுக்கம் முழுதும் அப்பறவையின் நிலையில் அடங்கிக் கிடக்கிறது. அதனைப் படிக்கும்பொழுது பறவையைத் தாண்டிச் செல்லும் தமிழாசிரியர் ஒருவரும் இலர். செய்யுளில் பறவைக்கு மதிப்பளிக்கும் நாமே உரைநடைக் கதையில் அதனை அலங்காரம் என்று தள்ளுவது முரண் அன்றோ?

செய்யுளில் நின்ற இம்முறை நாவலில் எவ்வாறு வளர்கிறது என்பதற்கு டால்ஸ்டாய் ஒரு நல்ல சான்று தருகிறார். 'அன்னா கரீனினா' என்னும் அவர் நாவல் 1875 முதல் 1877 வரை திங்களிதழ் ஒன்றில் வெளிவந்து, 1878-இல் நூலாயிற்று. அதன் முதற்பாகத்தில், மாஸ்கோவில் விரான்ஸ்கி என்னும் இளைஞனைக் கண்டு மனம் சலித்த அன்னா, இரவு முழுதும் இரயிலில் பிரயாணம் செய்து பீட்டர்ஸ்பர்க் வந்து இறங்குகிறாள். நிலையத்தில் கணவர் காத்து நிற்கிறார். முதலில் அவள் கண்ணிற் படுவன அவருடைய காதுகள்! வட்டத்தொப்பியின் விளிம்பைத் தாங்கிக்கொண்டு அவை நிற்கும் மாதிரி அவளுக்கு விந்தையாகத் தோன்றுகிறது. எட்டாண்டு உடன் வாழ்ந்தவரின் காதுகள் அன்றிரவில் வளர்ந்துவிடவில்லை. வளர்ந்தது வேறொன்று. கணவரிடத்து அன்னாவுக்குத் தோன்றிய மனக்கசப்பை ஆசிரியர் அடுத்த சில வரிகளில் சொல்லியே விடுகிறார். ஆயினும் காதுதான் முந்துகிறது. தன் உள்ளம் மாறிவிட்டதென்பதை அவள் தானே அறிவதற்கு முன் அவள் கண் அறிந்துவிட்டது. அக்கண்ணோடு ஒட்டிநின்ற வாசகரும் அறிந்துவிட்டார். கதைச் சுருக்கம் எழுதுவோர், 'அன்னா ஊர் திரும்பினாள்' என்று இதனை மூன்று சொல்லில் முடிப்பர். காது போயிற்று, அதனோடு அவள் வாழ்க்கை திரும்பிய கணமும் போயிற்று.

இவ்விரண்டு கதைகளிலும் வருணனை தொழிற்படும் விதம் வேறு என்பதையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். அயோனாவைப் புறத்தே நின்று ஆசிரியர் காண்கிறார். காணப்படுபவன் உள்ளம் நமக்குத் தெரிகிறது. கரேனினை அன்னா காண்கிறாள். இங்கே தெரிவது காணப்படுபவர் உள்ளம் அன்று, காண்பவள் உள்ளம். காதைப் பற்றிய வருணனையைக் கொண்டு கரேனின் அழகற்றவர் என்று விடையெழுதுவார் பிழைபடுவர். ஆகவே, வருணனை எதிர்ப்படும்பொழுது முதலில் கேட்கவேண்டிய கேள்வி, 'இதனைக் காண்பவர் யார்?' என்பதே.

இனி இதற்கு ஒரு தடை கூறப்படும். 'மழை பெய்ததால் ஆசிரியர் மழை என்று எழுதினார். அதற்குள் அழுகையைத் தேடுவது வேண்டாத வேலை. மாணவர்க்கு இதனைக் கற்பித்தால் ஒவ்வொருவரும் மனம்போனவாறு கற்பனை செய்து தாளை நிரப்புவர்' என்பர் சில ஆசிரியர். இத்தடையில் உண்மை உண்டு. இயற்கைப் பொருள்களின்மேல் மனித உணர்ச்சியை ஏற்றிக் கூறும் வழக்கம் காட்சியின் உண்மையைத் திரித்துவிடும் என்று ஆங்கிலப் பேரறிஞர் ஜான் ரஸ்கின் 1856-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். எழுதுவோர்க்கு அவர் சொன்ன எச்சரிக்கை படிப்போர்க்கும் பொருந்தும். சில நோட்ஸ்களில் நிறத்திற்கு நிறம் பொருள் எழுதி வைத்திருக்கின்றனர்: கறுப்பு என்றால் சாவு, சிவப்பு என்றால் சினம், சாம்பல் நிறம் என்றால் சோர்வு. இதனை மனப்பாடம் செய்தவர் கதையைப் படிக்கவில்லை, அகராதியைப் படிக்கிறார்.

செக்காவ் 1899-இல் வெளியிட்ட 'நாய்க்காரச் சீமாட்டி' என்னும் கதை இவ்வகராதியைப் பொய்யாக்குகிறது. யால்டா என்னும் கடற்கரை ஊரில், மணமான குரோவ் என்பவனும் மணமான அன்னா செர்கேயெவ்னா என்பவளும் முறைபிறழ்ந்த நட்பில் விழுகின்றனர். பின்னர்ப் பிரிகின்றனர். அவளை மறக்கமாட்டாமல் குரோவ் அவளுடைய ஊரைத் தேடிச் செல்கிறான். அங்கே அவன் தங்கும் விடுதி அறையின் தரைவிரிப்பு சாம்பல் நிறம். மைக்கூடு தூசியால் சாம்பல் நிறம். அதன்மேல் உள்ள குதிரைவீரன் பொம்மைக்குத் தலை உடைந்துபோயிருக்கிறது. அவள் வீட்டெதிரே ஆணிகள் அறைந்த நீண்ட வேலி. அதுவும் சாம்பல் நிறமே. இவ்விடத்தில் அந்நிறம் சோர்வையும் சிறையையும் உணர்த்துகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவளுடைய கண்களும் அதே நிறம். கதையின் இறுதியில் அவன் மிக விரும்பும் அவள் ஆடையும் அதே நிறம். வேலியில் வெறுப்பாய் நின்ற நிறம் கண்ணில் அன்பாய் நிற்கிறது. ஆகவே நிறத்திற்குத் தனிப்பொருள் இல்லை; அஃது எவ்விடத்தில், எவர் கண்ணில், எதனை அடுத்து நிற்கிறது என்பதே பொருள் தருகிறது.

அதே கதையில் இன்னோரிடம். தன் செயலை எண்ணி அவள் வருந்தி உட்கார்ந்திருக்கையில், குரோவ் மேசைமேலிருந்த தர்ப்பூசணிப் பழத்தில் ஒரு துண்டு நறுக்கி, அவசரமின்றித் தின்கிறான். அரைமணி நேரம் பேச்சில்லை. அவன் இரக்கமற்றவன், இவை அவனுக்குப் பழகிப்போனவை என்று ஆசிரியர் அங்கே சொல்லவில்லை. பழத்தைத் தின்னவிட்டார், அவ்வளவே. இவனே பிற்பாடு தலையுடைந்த பொம்மையைப் பார்த்து நெஞ்சு வெதும்புகிறான். அன்று ஒரு பெண்ணின் கண்ணீரைக் கவனியாது பழத்தைக் கவனித்தவன், இன்று ஒரு மைக்கூட்டையும் விடாது கவனிக்கிறான். கதையில் உண்மையாக நிகழ்ந்த மாற்றம் இதுதான். பழத்தையும் பொம்மையையும் தாண்டியவர்க்கு அம்மாற்றம் தெரியாது. அவர்க்கு இஃது ஓர் ஒழுக்கக்கேட்டுக் கதையாகவே முடியும்.

ஆதலின் ஊகம் தகும். கட்டுப்பாடற்ற ஊகம் தகாது. அக்கட்டுப்பாட்டிற்கு மூன்று கேள்விகள் போதும் என்பது நம் துணிபு. காண்பவர் யார் என்பது முதற் கேள்வி. அதனை மேலே கண்டோம். காணக்கூடியனவாய் இருந்த பலவற்றுள் இதனை மாத்திரம் ஏன் கண்டார் என்பது இரண்டாவது. இரயில் நிலையத்தில் கூட்டம் இருந்தது, புகை இருந்தது, பனி இருந்தது. அவற்றை விட்டு அன்னாவின் கண் காதில் விழுந்ததே குறிப்பு. அதே பொருள் முன்னும் பின்னும் எவ்வாறு காணப்பட்டது என்பது மூன்றாவது. பனி ஒருமுறை விழுந்தால் அது பருவநிலை. படைவீரர் கேளாது இறங்கிப்போனபின் அஃது அயோனாவை மீண்டும் மூடுமாயின், அது துயரம் திரும்பி வருவதைக் காட்டும். இம்மூன்று கேள்விகளுக்கும் நூலிலிருந்து சொல் எடுத்துக் காட்டக்கூடுமாயின் ஊகம் நிற்கும். காட்டமுடியாதாயின், எவ்வளவு அழகாயிருப்பினும் அதனைக் கைவிடவேண்டும். மெய்ப்பாட்டின் நுட்பத்தைக் கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணர வல்லார்க்கன்றி ஏனையோர்க்கு உணர்தல் அரிது என்று மெய்ப்பாட்டியலின் முடிவில் கூறப்பட்டிருப்பதும் இதுபற்றியே. கண்ணும் செவியும் என்றனரே அன்றிக் கற்பனை என்றிலர்.

படித்து உணர்வதற்கு எழுதிப் பழகுதல் சிறந்த துணை. அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கார்ட்னர், அவர் இறந்தபின் 1983-இல் வெளிவந்த புனைகதைக் கலை பற்றிய நூலில், மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார். போரில் மகனை இழந்த ஒருவர் ஒரு பண்ணைக் கொட்டகையைக் காண்கிறார். அவர் கண்ட கொட்டகையை வருணிக்க வேண்டும். மகனையோ போரையோ சாவையோ குறித்து ஒரு சொல்லும் வரலாகாது. பிறகு அதே கொட்டகையை, அதே நேரத்தில், காதலில் மகிழ்ந்திருக்கும் ஒருவர் காண்பதாக எழுத வேண்டும். காதல் என்னும் சொல் வரலாகாது. இதனை ஒருமுறை முயன்று பார்த்தவர், பிறகு எந்த நாவலிலும் ஒரு கொட்டகையைத் தாண்டிச் செல்லமாட்டார். நம் மாணவர் கொட்டகைக்குப் பதிலாக ஊர்க்குளத்தையோ, விடுமுறையில் வெறிச்சோடிய வகுப்பறையையோ வைத்துக்கொள்ளலாம். பத்து வரி போதும்.

இனி இப்பயிற்சியின் பயனைக் குறித்து மிகைபடக் கூறாமல் ஒன்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நல்ல கதைகளைப் படித்தால் பிறர் மனத்தை அறியும் ஆற்றல் வளரும் என்பர். 2013-ஆம் ஆண்டில் கிட், கஸ்தானோ என்னும் இரண்டு உளநூலார், இலக்கியத் தரமுள்ள கதைகளைச் சிறிது நேரம் படித்தவர் பிறர் உணர்ச்சியை அறியும் சோதனைகளில் மேம்பட்டனர் என்று 'சயன்ஸ்' இதழில் எழுதினர். உலகெங்கும் இதனைக் கொண்டாடினர். ஆனால் 2016-இல் வேறு ஆய்வாளர் பலர் சேர்ந்து அச்சோதனையை மீண்டும் செய்தபொழுது அப்பயன் தோன்றவில்லை. ஒரு கதையைப் படித்தமாத்திரத்தில் நம் கண் கூர்மையாகிவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை.

அன்றியும், கதைக்கும் வாழ்க்கைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கதையில் ஒவ்வொரு பொருளையும் ஒருவர் தேர்ந்து வைத்திருக்கிறார். மைக்கூட்டுப் பொம்மையின் தலையை உடைத்தவர் செக்காவே. வாழ்க்கையில் பொம்மை தானாகவும் உடையும். விடுதியில் அடுத்த அறை மாணவர் இரண்டு நாள் சவரம் செய்யாதிருந்தால், அஃது உள்ளத்துயராகவும் இருக்கலாம். பிளேடு தீர்ந்ததாகவும் இருக்கலாம். நாவல் படித்த பெருமையினால், 'உன் மனத்தில் உள்ளதை நான் அறிந்தேன்' என்று பிறரிடம் சொல்லத் துணிவது அறியாமையிலும் கொடிது. அயோனாவிற்கு வேண்டியிருந்தது அவன் முதுகைக் கண்டு துப்பறிவார் ஒருவர் அல்லர். கண்டபின், 'என்ன ஐயா, உடம்புக்கு என்ன?' என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருப்பார் ஒருவரே. கதையில் ஊகத்தோடு நிற்கலாம். பாத்திரம் விடை சொல்லாது. வாழ்க்கையில் ஊகம் கேள்வியாக மாறவேண்டும். நின்று காணும் பழக்கம் அக்கேள்வி பிறப்பதற்கு இடம் செய்கிறது. அதற்கு மேல் அதனால் ஆவதில்லை, அவ்வளவேனும் ஆவது சிறிதும் அன்று.

இக்கருத்துக்கள் ஏட்டோடு நில்லாமல் நடைமுறைக்கு வரவேண்டுமாயின் மூன்று காரியங்கள் செய்யலாம். துணைப்பாடத் தேர்வில், 'கதையைச் சுருக்கி வரைக' என்னும் வினாவின் ஓரிடத்தையேனும் நீக்கி, மாணவர் முன் கண்டறியாத வருணனைப் பத்தி ஒன்றைத் தந்து, 'காண்பவர் எத்தகைய மனநிலையில் உள்ளார்? எச்சொற்களால் அறிந்தீர்?' என்று கேட்கலாம். எச்சொல் என்பதற்கே மதிப்பெண்ணின் பெரும்பகுதி அளிக்கப்படுமாயின், நோட்ஸும் உதவாது. மனம்போன கற்பனையும் உதவாது. வகுப்பறையில் வருணனைப் பத்திகளை ஆசிரியர் வாய்விட்டு நிதானமாகப் படித்துக் காட்டலாம். கண் தாண்டிச் செல்வதைச் செவி தாண்டமாட்டாது. தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் சொற்பொழிவு ஒன்றைக் குறைத்து, மேற்சொன்ன கொட்டகைப் பயிற்சியைப் பலர் எழுதிப் படிக்கவும், கேட்போர் எழுதியவர் கொண்ட மனநிலையைச் சொல்லவும் ஏற்பாடு செய்யலாம். இதற்குப் பணச்செலவு இல்லை.

கல்லூரியை விட்டுச் சென்ற பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அவர்க்குத் தேர்வு இல்லை; மதிப்பெண்ணும் இல்லை. மாணவப் பருவத்தில் விரைந்து படித்து முடித்த நாவல் ஒன்றேனும் அவர் வீட்டு அலமாரியில் இருக்கும். கதை முன்னரே தெரியுமாதலின் இம்முறை விரைய வேண்டிய காரணமில்லை. அதனை எடுத்து, அன்று தாண்டிய பத்திகளை மாத்திரம் படித்துப் பார்க்குமாறு அவரை வேண்டுகிறோம். கதை இவ்வளவு என்று நாம் எண்ணியிருந்ததற்குள் எத்தனை பேர் பேசாது உட்கார்ந்திருந்தனர் என்பது அப்பொழுது தெரியவரும்.